ஒரு கால் வெளுத்த ஷூ

“...வளருத பிள்ளைதான், யாரு இல்லைன்னா? ஆனா இப்ப ஓடப் போறது இப்ப உள்ள காலுதானக்கா. அடுத்த வருசத்துக் காலு இன்னும் வந்து சேரலைல்லா.”

நான் ஏணியில் நின்று மேல்தட்டில் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் செருப்புக் கடையில் அந்த நாட்களில் நிற்க இடம் கிடைக்காது. புது ரப்பர் வாசம், பசை வாசம், காத்திருக்கும் பிள்ளைகள் கடிக்கும் முறுக்கு வாசம் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுதான் இசக்கியம்மாள் இதைச் சொன்னாள். ராதாபுரம் பக்கத்துக் கிராமம். முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. அவள் பக்கத்தில் மகள் மாரிச்செல்வி, அம்மாவைவிட ஒரு சாண் உயரமாக.

கேட்டுக்கொண்டிருந்தது இவர்களுக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா. கூட எட்டு வயசுப் பெண்பிள்ளை. ஓட்டப் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்களாம். பிள்ளைக்கு ஷூ வாங்க வந்த அந்த அம்மாவுக்கு இசக்கியம்மாள் புத்தி சொல்கிறாள்.

இதே இசக்கியம்மாள், இரண்டு மூன்று வருடம் முன்னால், இதே கடையில் நின்று சொன்னது வேறு. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், நான் ஏன் ஏணியில் சிலையாக நின்றேன் என்பது உங்களுக்கு விளங்காது.

காலைப் பிடிக்கிற தொழில்

போன வாரம் இதே பகுதியில், நான் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு டவுனிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

“இத்தன வருசம் ஊரான் காலைப் பிடிச்சிருக்கீரே வே, ஒரு நாளாவது கூச்சமா இருந்திருக்கா?” என்று கேட்டார்.

“இத்தன காலைப் பிடிச்சும் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வேணும்னு கேட்டதில்ல சார்வாள். இந்தப் பெருமை எத்தன பேருக்கு உண்டு?” என்றேன்.

சிரித்துவிட்டு ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கிக்கொண்டு போனார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கால் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்த கால்களிடமிருந்தே தெரிந்துகொண்டதுதான். காலையில் இருப்பதைவிடச் சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். அதனால் ஷூ வாங்க வெயில் சாய்ந்த பிறகு வரச் சொல்வேன். ஒரே ஆளின் இரண்டு காலும் ஒரே நீளமாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு அளவு, எழுந்து நின்றால் இன்னொரு அளவு. ஓடுகிற ஷூ என்றால் நுனியில் என் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். குதிகால் துளிகூட ஏறி இறங்கக் கூடாது. கையால் வளைத்துப் பார்த்தால், விரல் மடங்குகிற இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

எனக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். ஆள் யாரென்று பிடிபடவே இல்லை. பந்திக்குப் போகச் செருப்பைக் கழற்றினார், தெரிந்துவிட்டது. எட்டாம் நம்பர், இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறினது. அப்புறம்தான் பேரைச் சொல்லிப் பேசினேன்.

இவ்வளவும் தெரிந்தவன், முப்பது வருடம் ஒரு தப்பைக் கூசாமல் செய்துகொண்டிருந்தேன்.

ரெண்டு நம்பர் பெருசு

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஷூ வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. காலை அளப்போம், மூன்று என்று வரும். “அஞ்சு எடுங்க” என்பார்கள். நாங்களும் மறுபேச்சுப் பேசாமல் எடுப்போம்.

புது ஷூ பெட்டியில் வரும்போது, வடிவம் குலையாமல் இருக்க நுனிக்குள் ஒரு காகிதப் பந்து வைத்திருப்பார்கள். அதை எடுத்து எறிந்துவிட்டுத்தான் போட வேண்டும். எங்கள் கடையில் எறிய மாட்டோம், அதுவும் ஷூவின் ஒரு பாகம். முதல் வருடம் முழுப் பந்து, அடுத்த வருடம் பாதிப் பந்து, மூன்றாம் வருடம் காகிதம் வெளியே போகும், கால் உள்ளே போகும். அதற்குப் பிறகு தம்பிக்கு.

பெற்றவர்கள் இதற்குச் சொல்லும் நியாயங்களைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும். கடையில் ஒரு நோட்டு வைத்துக் குறித்து வைத்திருக்கிறேன். “ஷூ கிழிஞ்சா கிழியட்டும், பத்தாமப் போவக் கூடாது” என்றார் ஒரு லாரிக்காரர். “இவன் காலு செவ்வாக்கிழமை ஒரு அளவு, வெள்ளிக்கிழமை ஒரு அளவா இருக்கு அண்ணாச்சி” என்றாள் ஒரு தாய். தாசில்தார் ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஒருத்தர், மகனின் வளர்ச்சியைக் கோடு போட்டு வரைபடமாகவே கொண்டுவந்து காட்டி, “இந்தக் கணக்குப்படி பங்குனியில அஞ்சாம் நம்பர் வந்திரும்” என்றார். பங்குனிக்கு அப்போது பத்து மாதம் இருந்தது.

என் சொந்த மகளுக்கே நான் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். இன்றைக்கும் நடக்கும்போது கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டுதான் நடப்பாள். ஷூ கழன்று விழாமல் பிடித்துக்கொண்ட பழக்கம், போகவே இல்லை.

காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஓடுகிற பிள்ளைக்குத் தெரியும்.

குதிகாலு ஆடுது

இசக்கியம்மாள் முதன்முதலில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது கோடை விடுமுறை முடிகிற சமயம்.

“ஓடுத ஷூ வேணும் அண்ணாச்சி. பிள்ள ஓடுதா.”

“எங்கன ஓடுதா?”

“எங்கனயும் ஓடுதா. கடைக்கு அனுப்புனா ஓடுதா. தண்ணிக்கு அனுப்புனா குடத்தோட ஓடுதா. பள்ளிக்கூடத்துல ஒரு பய இவளுக்கு முன்னால போவ முடியல. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்காவளாம். டீச்சர் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காவ.”

விளையாட்டு விடுதி என்றால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பயிற்சி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா திருவனந்தபுரத்தில் கான்கிரீட் வேலைக்குப் போகிறவர்.

“எட்டோட போதும்னுட்டாவ அவ அப்பா” என்றாள் இசக்கியம்மாள், குரலைத் தாழ்த்தி. “விடுதி கிடைச்சா மேல படிக்கட்டும், இல்லைன்னா என்கூட முருங்கைக்கு வரட்டும்னு சொல்லிட்டாவ.”

மாரிச்செல்வியின் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். அதுவரை ஷூ கண்டிராத கால். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. குதிகாலில் பழைய முள் தடம். பாதத்தின் தோல் அப்படி ஒரு உறுதி. இந்த வெறுங்காலோடு ஓடியே அவள் ஜெயிக்கலாம். ஆனால் எங்கள் மைதானத்தின் சிவப்பு ரப்பர் தரை வெயில் ஏறினால் பணியாரச் சட்டியாகக் காயும். அதனால்தான் டீச்சர் ஷூ வாங்கச் சொல்லியிருக்கிறார்.

நிற்க வைத்து அளந்தேன். மூன்று.

“அஞ்சு எடுங்க.”

“ஓடுத ஷூல்லா தங்கச்சி. ரெண்டு நம்பர் கூடிப் போவும்.”

“ஆறு மாசத்துல பத்தாமப் போச்சின்னா நீங்க வந்து வாங்கித் தருவீயளா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அஞ்சாம் நம்பரை எடுத்து, காகிதப் பந்தை இன்னும் உள்ளே அழுத்தி, கயிற்றை இறுக்கிக் கட்டினேன். “ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிடச் சொல்லு, கிண்ணுன்னு இருக்கும்” என்று வேறு சொன்னேன்.

மாரிச்செல்வி நாலு எட்டு நடந்தாள். “யம்மா, குதிகாலு ஆடுது.”

“போடப் போடச் சரியாப் போவும்ட்டி.”

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பெட்டியை எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

வாப்பா வாங்கி வந்த ஷூ

இங்கே சற்று நிறுத்தி இன்னொரு கதை சொல்ல வேண்டும். இதற்குச் சம்பந்தம் உண்டு.

காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர், வளைகுடாவில் வேலை. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். கையில் அருமையான ஒரு ஜோடி ஷூ. அங்கே வாங்கியது. ஓடினால் குதிகாலில் விளக்கு எரியும்.

“வீட்டுல பேப்பர்ல பிள்ள காலை வச்சு வரைஞ்சு போட்டோ அனுப்புனாங்க அண்ணாச்சி. அந்த அளவை வச்சுத்தான் வாங்குனேன். ஏறவே மாட்டேங்குது. கொஞ்சம் இழுத்து விட முடியுமா?”

“எப்ப அனுப்புன அளவு?”

யோசித்தார். “எட்டு மாசம் இருக்கும். லீவு தள்ளித் தள்ளிப் போயிருச்சு.”

அந்தப் பிள்ளை அதற்குள், “வாப்பா, நான் விரலை மடக்கிக்கிடுதேன்” என்றது.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார்: “போன்ல பாக்கும்போது இவ சின்னதாவே தெரிஞ்சா அண்ணாச்சி.”

வேறு ஷூ எடுத்துக் கொடுத்தேன். என்னை அளக்க விடவில்லை. தானே மண்டியிட்டு, மகளின் இரண்டு காலையும் மூன்று தரம் அளந்தார். நானும் தடுக்கவில்லை.

அவர் போன காலுக்கு வாங்கி வந்தார். நாங்கள் வரப் போகிற காலுக்கு விற்றுக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்காக இரண்டு நாள் வருத்தப்பட்டதோடு சரி.

வேலிக்குப் பக்கத்தில் கேட்ட சத்தம்

எனக்குச் சர்க்கரை. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது, உள்ளே மைக் வைத்துப் பிள்ளைகளின் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். விடுதிக்கு ஆள் எடுக்கும் நாள் அதுதான் என்று புரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டுப் பெண்பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். வழக்கம்போல நான் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தேன். மூன்றாம் கோட்டில் நின்றது நான் கட்டிக்கொடுத்த ஷூ.

விசில் அடித்தார்கள். முதல் வளைவில் அவள்தான் முன்னால். கை வீச்சும் சரி, கால் எட்டும் சரி, பார்க்க அவ்வளவு அழகு. என்னை அறியாமல் பக்கத்தில் நின்றவரிடம், “அந்தப் பிள்ள நம்ம கடைக் காலு” என்று சொல்லிவிட்டேன்.

நான் நின்ற பக்கம் வந்தாள். அப்போதுதான் கேட்டது. டப், டப், டப். குதிகால் ஷூவை விட்டு எழும்பி மறுபடி உள்ளே விழுகிற சத்தம். மற்றப் பிள்ளைகளிடம் அந்தச் சத்தம் இல்லை. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஷூ முன்னால் ஓட, பிள்ளை அதைப் பிடிக்கப் பின்னால் ஓடுகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது வளைவில் ஒருத்தி தாண்டினாள். அப்புறம் ஒருத்தி. கடைசியில் இன்னொருத்தி. நாலாவதாக முடித்தாள்.

அவளுடைய அதிர்ஷ்டம், ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் நாலு பேரை மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி ஓடச் சொன்னார்கள். அதில் முதல் மூன்று பேருக்குத்தான் விடுதி.

நான் உள்ளே போனேன். வேப்பமரத்தடியில் இசக்கியம்மாள் மகளின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பக்கத்தில் கழற்றிப் போட்ட ஷூ. வேர்வையில் ஊறிய காகிதப் பந்து கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

“வயிறு நிறையத் தின்னுட்டு ஓடுட்டின்னு சொன்னேன், கேக்காளா” என்று அம்மா டீச்சரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். மகள் அந்தக் காகிதப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ள மேல தப்பு கிடையாது” என்றேன். “தப்பு என் மேல.”

இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க யாரு?”

கடைக்கு வெளியே என்னை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. “ஷூ வித்தவன், தாயி.”

கழற்றிப் போட்ட ஷூவைக் கையில் எடுத்தாள். “அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா.”

“சொன்னேன். நீ கேக்குத மாதிரி சொல்லல.”

மாரிச்செல்வி அப்போதுதான் பேசினாள். “நான் சும்மாவே ஓடுதேன் டீச்சர்.” டீச்சர் தரையில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை, அதற்குள் சுட்டது. அதில் தோல் உரிந்த காலோடு மூன்று மணிக்கு ஓடுவது நடக்காது.

“ஆட்டோவுல ஏறுங்க” என்றேன்.

கண்ணாடிக்குள் இருந்த இடது கால்

பள்ளிக்கூடம் திறக்கும் காலம் என்பதால் ஞாயிறும் கடை உண்டு. முதலாளி கல்லாவில் இருந்தார். நான் தட்டுத் தட்டாகத் தேடினேன். மூன்றாம் நம்பர்தான் எப்போதும் முதலில் தீரும். ஓடுகிற ஷூவில் நாலு இருக்கிறது, ரெண்டு இருக்கிறது, மூன்று ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கடைக்கு ஓடினேன், அங்கேயும் இல்லை.

திரும்பி வரும்போது எங்கள் கடையின் கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டது. தெருவைப் பார்த்து ஒரு நீல ஷூ.

செருப்புக் கடைகளில் பார்வைக்கு ஒரு காலைத்தான் வைப்பார்கள். ஜோடியின் மற்றக் கால் பெட்டிக்குள் தூங்கும். எங்கள் கண்ணாடி மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் முழுக்க அதில்தான். ஆறேழு மாதமாக அங்கே உட்கார்ந்திருந்த இடது கால், கருநீலம் போய், பலதடவை துவைத்த சட்டை மாதிரி வெளுத்திருந்தது. பெட்டியைத் திறந்தேன். வலது கால் வாங்கி வந்த அன்று இருந்த கருநீலத்திலேயே இருந்தது. அடியில் நம்பர் பார்த்தேன். மூன்று.

“அது ஜோடி இல்ல வே” என்றார் முதலாளி. “கழிச்சுப் போடணும்னுல்லா வச்சிருக்கேன்.”

இசக்கியம்மாளுக்கும் மனசில்லை. “ரெண்டு கலர்ல போட்டுட்டுப் போனா அங்கன பிள்ளையைச் சிரிக்க மாட்டாவளா? இவ ஓடுததையா பாப்பாவ, இவ காலைல்லா பாப்பாவ.”

முதலாளி அப்போது ஒன்று சொன்னார். என் நோட்டில் இருக்கிறது. “முன்னால ஓடுனா முதுகைத்தான் பாப்பாவ, தாயி.”

குதிகாலைத் துடைத்து, மெல்லிய துணி வைத்துக் கட்டினேன். ஒரே ஒரு சாக்ஸ். உள்ளே இருந்த காகிதப் பந்துகளை எடுத்து வெளியே எறிந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. எழுந்து நிற்கச் சொல்லி, நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சரியாக ஒரு விரல் அகலம். குதிகாலைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. ஷூவின் விறைப்பு போகக் காலை உதைத்துக்கொள்ளச் சொன்னேன். புது ஷூவை அன்றைக்கே போட்டுப் போட்டிக்கு ஓடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை.

“இப்ப ஓடு.”

“எங்கன?”

“இங்கனதான்.”

வாசலிலிருந்து பின்னால் இருக்கிற சரக்கு அறை வரைக்கும் ஓடினாள். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். திரும்பி வந்து அம்மா முன்னால் நின்றாள்.

“யம்மா, காலுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

ஒரு ஷூவைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

முதலாளி விலை பேசவில்லை. என்னைப் பார்த்து, “நீரும் கூடப் போம் வே. இங்கன நின்னா இன்னைக்கு எட்டாம் நம்பர் கேட்டவனுக்கு ஆறாம் நம்பர் குடுப்பீரு” என்றார்.

மூன்று மணி

சிரிக்கத்தான் செய்தார்கள். கோட்டில் போய் நின்றதுமே வேலியோரத்தில் ஒரு பயல், “ஏலே, ஒரு காலு அண்ணன், ஒரு காலு தம்பிலே” என்றான். இசக்கியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவன் இடம் மாறிப் போய்விட்டான்.

விசில் கேட்டது.

நான் காலையில் நின்ற அதே இடத்தில் வேலியைப் பிடித்து நின்றேன். பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. பிள்ளைகள் வளைவு திரும்பி வந்தார்கள். வெளுப்பு, கருநீலம், வெளுப்பு, கருநீலம் என்று அந்தக் கால்கள் மாறி மாறி வந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எல்லாப் பிள்ளைகளின் மூச்சும் கேட்டது. டப் டப் மட்டும் இல்லை.

அப்போதே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அவளுக்குப் போதவில்லை. மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள், கடைசி நாற்பது எட்டில் ஒருத்தியைத் தாண்டி இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். முதலில் வந்த பிள்ளை நல்ல ஓட்டக்காரி, அவளைக் குறை சொல்ல முடியாது.

மைக்கில் மூன்று பேர் வாசித்தார்கள். “மாரிச்செல்வி” என்று கேட்டபோது, காலையில் பக்கத்தில் நின்ற ஆளிடம், “நம்ம கடைக் காலு” என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த ஆள் காலையிலேயே வீட்டுக்குப் போயிருந்தார். தெரியாத ஒருத்தரிடம் சொன்னேன்.

இசக்கியம்மாள் சத்தம் போடவில்லை, அழவில்லை. மகளை உட்கார வைத்து, கயிற்றை அவிழ்த்து, துணியை விலக்கிக் குதிகாலைப் பார்த்தாள். காலையில் இருந்ததற்கு மேல் புதுசாக ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“அந்த அஞ்சாம் நம்பரை என்ன செய்ய அண்ணாச்சி?”

“வச்சிரு. அவ காலு வந்து சேருத அன்னைக்குப் போடட்டும்.”

மறுநாளே முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். கண்ணாடிக்குள் இருக்கிற ஷூவை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றி வைக்க வேண்டும். ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது. வெளுத்தால் இரண்டும் சேர்ந்து வெளுக்கட்டும் என்றார். திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை இன்றைக்கும் அதுதான்.

விடுதியில் மற்றப் பிள்ளைகள், “என்னட்டி இது ஷூ, இப்படி இருக்கு?” என்று கேட்டார்களாம். “எங்க ஊர்ல இதுதான் புது மாடல்” என்றிருக்கிறாள் மாரிச்செல்வி. இரண்டு பேர் நம்பியும் இருக்கிறார்கள்.

காகிதப் பந்து

இப்போது ஏணிக்குத் திரும்புகிறேன்.

அன்றிலிருந்து ஓடுகிற ஷூ கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. கேட்கிற மாதிரியே சொல்வேன். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில், முப்பது பேர் ஒரே சமயத்தில் கூப்பிடும்போது, வாய் ஓய்ந்துவிடும். அந்த எட்டு வயசுப் பிள்ளையின் அம்மா “ரெண்டு நம்பர் பெருசு” என்று கேட்டபோது, நான் மறுபேச்சுப் பேசவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, அதிலேயே வேறு கலர் தேடி ஏணியில் ஏறியிருந்தேன். பிள்ளை அந்தப் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு, விரலை மடக்கி நின்றுகொண்டிருந்தது.

இசக்கியம்மாள் வந்தது மகளுக்கு வாங்க. வருடத்துக்கு ஒரு தடவை, விடுதியில் லீவு விட்டதும், சாயங்காலமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த அஞ்சாம் நம்பர் ஷூவை மாரிச்செல்வி போன வருடம் போட ஆரம்பித்தாள். இப்போது அதுவும் பத்தவில்லை. ஆறு எடுக்க வந்திருந்தார்கள். தன் முறைக்குக் காத்திருந்தவள் இந்தப் பிள்ளையின் காலைப் பார்த்திருக்கிறாள். அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை அண்ணாந்து பார்த்து, “என்ன அண்ணாச்சி, இவுக உங்க கடை ஆளா?” என்று கேட்டார்.

இசக்கியம்மாள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையிலிருந்த பையை மகளிடம் கொடுத்தாள். தரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் காலைத் தன் முழங்காலில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டு, காகிதப் பந்தை வெளியே எடுத்தாள். திரும்பிப் பார்க்காமலே அதை என் பக்கமாக நீட்டியபடி இருந்தாள், நான் ஏணியை விட்டு இறங்கி வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும். பிறகு மறு கையால் என் ஸ்டூலடியில் கிடந்த ரெண்டு நம்பர் சின்னதை இழுத்து, பிள்ளைக்குப் போட்டுவிட்டு, எழுந்து நிற்கச் சொல்லி, நுனியில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.